பிள்ளை மடுவத்துக் கம்பி வேலி

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரவெல்லாம் பெய்த மழைக்குப் பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் மூங்கில் வேலி வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

2. அன்று பத்து மணிக்கு, இரண்டு வயதான என் தம்பி அந்தச் சாய்ந்த வேலியின் மேலேயே நடந்து போய், வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

3. புதன்கிழமை அம்மா கொழுந்து எடுக்கப் போகவில்லை.

4. வியாழக்கிழமையும் போகவில்லை. மாலையில், தோட்டத்தில் ஆள்கணக்கு வைக்கும் கணக்கப்பிள்ளை, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார். திங்கட்கிழமை காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு வராவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டப்படும் என்றார். பெரிய பெண்பிள்ளைதான் வீட்டில் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தை நிறுத்திச் சின்னவனைப் பார்க்க வைக்கலாமே என்றும் சொன்னார்.

5. பெரிய பெண்பிள்ளை நான். வயது ஒன்பது.

6. அவர் போன அரை மணி நேரத்தில், தாம் கம்பி வலை செய்யப் போவதாக மாமா அறிவித்தார்.

7. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது வேலி நின்றது.

ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன், நாலாவதில் அம்மா சொன்ன பதிலையும் சொல்லியாக வேண்டும்.

அம்மா கணக்கப்பிள்ளையின் முன்னால் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவ பள்ளிக்கூடம் போவாங்கய்யா. நானும் திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துருவேன்" என்றாள்.

"ரெண்டும் எப்புடி நடக்கும்?"

"நடக்கும்ங்க."

எப்படி நடக்கும் என்பது அவளுக்கே தெரியாது. கணக்கப்பிள்ளை கெட்ட மனிதர் அல்லர். எல்லா வீட்டிலும் நடப்பதைத்தான் சொன்னார். எங்கள் லயத்தில் எனக்கு முன்னால் கணக்குப் போட்டு முடிக்கும் ஒருத்தி இருந்தாள். போன வருடம் அவளை அப்படித்தான் நிறுத்தினார்கள். காலையில் நான் பனியில் வெறுங்காலோடு பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது, அவள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் காய்வாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். அவளுக்குப் பன்னிரண்டாம் வாய்பாடு இல்லை, வாத்தியாரின் அடிமட்டத்தால் விழும் அடி இல்லை. ஆகவே கணக்கப்பிள்ளையின் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லாத அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது.

பிள்ளை மடுவம் என்பது, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஒற்றை அறைக் கட்டடம். எங்கள் தோட்டத்தில் அது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. தொழிற்சாலைச் சக்கரத்தைச் சுழற்றுவதற்காக மேலேயிருந்து இழுத்து வந்த வாய்க்கால், அதன் முற்றத்தை உரசிக்கொண்டு ஓடியது. அகலம் அதிகமில்லை, நானே தாண்டுவேன். ஆழமும் என் இடுப்பளவுதான். ஆனால் அதன் வேகத்தில் ஒரு கூடை விழுந்தால், விழுந்த இடத்தில் அதைப் பார்க்க முடியாது. சக்கரத்தடியில் போய்த்தான் தேட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் கல் சுவர். வாய்க்கால் பக்கம் பதினெட்டு அடிக்கு மட்டும் மூங்கில். கம்பி வலை கேட்டுத் தோட்டத்தை நடத்தும் துரை கொழும்புக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அவர் எழுதியது அந்த மூங்கில் புதிதாக இருந்த காலத்தில்.

மாமா அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வயது. தொழிற்சாலை இஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. லயத்தில் அவருக்கு 'இஞ்சினியர்' என்று பட்டப்பெயர் உண்டு. அது பாராட்டு அல்ல. அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருந்தவரின் கடியாரத்தைப் பழுது பார்த்துக் கொடுத்து, மூன்று திருகாணிகளை மிச்சம் பிடித்தவர் அவர்.

"பங்களாவுல தொரை பந்தடிக்கிற எடத்தச் சுத்திக் கம்பி வலை கட்டியிருக்கே, அந்த மாதிரி செய்யப் போறேன்" என்றார் மாமா. "சூட்சுமம் எனக்குத் தெரிஞ்சு போச்சு."

ஆயாம்மா அப்போது எங்கள் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "அது பந்து போவாம இருக்கக் கட்டுனதுடா. புள்ள போவாம இருக்குமா?"

"பந்தே போவல. புள்ள எப்புடி ஆயாம்மா போவும்?"

"ஒனக்குப் பொண்ணு பாருடான்னா நீ கம்பியப் பாத்துக்கிட்டுத் திரியிற."

அவர் பார்த்தது உண்மைதான். பங்களாத் தண்ணீர்ப் பம்பைப் பழுது பார்க்கப் போனபோது, சாவிக்காக ஒரு மணி நேரம் அந்த வலைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சும்மா நிற்கத் தெரியாத மனிதர். ஒரு கம்பியின் மேல் விரலை வைத்து, அது எங்கே போகிறதென்று தொடர்ந்து போயிருக்கிறார். அந்த ஒரு விரல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

இந்த இடத்தில், கம்பி வலை எப்படி உண்டாகிறது என்பதைச் சிறு பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன்.

தூரத்தில் நின்று பார்த்தால் அது ஸ்வெட்டர் போலப் பின்னியதாகவோ, கூடை போல முடைந்ததாகவோ தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பின்னியது என்றால் ஒரே கம்பி எல்லா இடத்துக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். முடைந்தது என்றால் நெடுக்கில் கொஞ்சம் கம்பியும் குறுக்கில் கொஞ்சம் கம்பியும் இருக்க வேண்டும். இந்த வலையில் குறுக்குக் கம்பியே கிடையாது. ஒரு கம்பியின் மேல்நுனியில் விரலை வைத்து இறங்கினால், அது இடது பக்கம் வளையும், வலது பக்கம் வளையும், மறுபடி இடது, மறுபடி வலது என்று போய்த் தரையைத் தொடும். ஒருபோதும் அடுத்த கம்பியின் எல்லையைத் தாண்டிப் போகாது. அதாவது ஒவ்வொரு கம்பியும் தட்டையாக அமுக்கிய ஒரு சுருள். ஒவ்வொரு சுருளும் தன் ஓரத்து வளைவுகளால் பக்கத்துச் சுருளின் ஓரத்து வளைவுகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் வரிசையாகக் கை கோத்து நிற்பது போல. அந்தக் கைகளுக்கு நடுவில் தெரிகிற சாய்சதுர இடைவெளியைத்தான் நாம் வலை என்கிறோம்.

ஆக, வேலை இரண்டு. தட்டைச் சுருள் செய்ய வேண்டும். பிறகு ஒன்றோடு ஒன்றைக் கோக்க வேண்டும்.

தொழிற்சாலைக் கிடங்கில் துரு ஏறாமல் துத்தநாகம் பூசிய கம்பி ஒரு பெரிய வளையம் கிடந்தது. மாமா தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் போய்க் கேட்டார். "எடுத்துக்க. ஆனா வெட்டி வீணாக்குனா, கம்பிக்குப் பதிலா ஒன் தோல உரிச்சு வேலி கட்டிருவேன்" என்று அவர் அனுமதி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மாமா கருவியைச் செய்தார். பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய இரும்புப் பட்டை. இரண்டு விரல் அகலம், ஐந்தடி நீளம், இரு முனைகளிலும் ஒரு துளை. ஒரு முனையில் கைப்பிடி பொருத்தினார். அப்பா நட்டுக் கொடுத்த இரண்டு கட்டைகளின் மேல் பட்டையைக் கிடத்தினார். அப்பா தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். கட்டை வேண்டும் என்றால் கட்டை வெட்டித் தருவார், எதற்கு என்று கேட்கமாட்டார்.

கம்பியின் நுனியைக் கைப்பிடிப் பக்கத்துத் துளையில் மாட்டினார்கள். மாமா கைப்பிடியைச் சுற்றினார். அப்பா சாக்குத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கம்பியை இறுகப் பிடித்தபடி, பட்டை ஓரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தார். பட்டை சுழலச் சுழலக் கம்பி அதன் மேல் சாய்வாகச் சுற்றிக்கொண்டு போனது. பட்டையின் முடிவை எட்டியதும், அப்பா கம்பியைக் குறட்டால் வெட்டினார். மாமா பட்டையைத் தூக்கிச் சுருளை உருவினார்.

முதல் சுருள் பார்க்கச் சகிக்கவில்லை. ஓர் இடத்தில் நெருக்கம், ஓர் இடத்தில் பல் விழுந்த வாய். மாமா வெண்கட்டியால் பட்டையில் மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டார். ஒரு சுற்றுக்கு ஒரு கோடு. இரண்டாவது சுருள், என் தலைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வளைந்து வந்தது. உயிரில்லாத கம்பி ஒன்று, பட்டையிலிருந்து விடுபட்டதும் உடம்பைச் சற்றுத் தளர்த்திக்கொண்டதைப் பார்த்தேன். கம்பிக்குத் தன் பழைய வடிவம் கொஞ்சம் ஞாபகம் இருக்கும், அதனால் இலேசாக விரியும், அதனால்தான் பட்டையை விட்டுக் கழன்று வருகிறது என்று மாமா சொன்னார். இதை அவர் யாரிடமும் படித்ததில்லை. பிறகு நான் பாடமாகப் படித்தபோது அதில் திருத்த எதுவும் இருக்கவில்லை.

கோப்பதுதான் அதைவிட அழகு. ஒரு சுருளைக் குறுக்குக் கழியில் தொங்கவிட்டார். இன்னொரு சுருளின் கீழ்நுனியைத் தொங்குகிற சுருளின் மேல் வளைவில் நுழைத்து, திருகாணியைத் திருகுவது போலத் திருகினார். சுருள் சுழன்று சுழன்று தானாகவே கீழே இறங்கியது. ஒவ்வொரு வளைவாக உள்ளே போய் வெளியே வந்து, கடைசியில் தரைப்பக்கம் நுனி எட்டிப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. இழுத்தால் வரவில்லை. இரண்டின் நுனிகளையும் குறட்டால் மடக்கிக் கொக்கியாகப் பூட்டினார்.

"இந்தக் கொக்கி இல்லன்னா, ஒரு கம்பிய மட்டும் திருகி உருவிட்டு வேலியத் தெறந்துக்கிட்டுப் போயிரலாம்" என்றார் மாமா.

அன்று இருட்டுவதற்குள் இருபத்தாறு சுருள்கள் செய்தார்கள். இருபத்தாறும் கோத்தன. மாமாவின் கணக்குப்படி இன்னும் நூற்றிருபது வேண்டும்.

சனிக்கிழமை அப்பாவுக்குக் கவ்வாத்து. மாமா மட்டும் டீமேக்கரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதனால் கம்பி பிடிக்க அம்மா வந்தாள். வேலைக்குப் போகாமல் மூன்று நாள் வீட்டில் இருந்ததில், அவளுடைய கைகளுக்கே என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. நான் நுனி பிடிக்கவும், தம்பி எல்லாவற்றையும் கலைக்கவும் போனோம்.

அப்பா ஒவ்வொரு சுருள் முடிந்ததும் வெட்டிய கம்பியை இழுத்துக்கொண்டு கைப்பிடிப் பக்கம் திரும்பி நடந்து, மறுபடி அங்கிருந்தே தொடங்குவார். அம்மாவும் முதல் சுருளை அப்படித்தான் தொடங்கினாள். அது முடிந்து, பட்டையின் கோடியில் கம்பியை வெட்டியதும், கையிலிருந்த நுனியை அந்தக் கோடியிலிருந்த துளையிலேயே மாட்டிவிட்டு, "சுத்துடா" என்றாள்.

"இங்கேருந்துல்லக்கா தொடங்கணும்?"

"எங்கேருந்து தொடங்குனா என்ன, சுருளுதானே வேணும்? நீ சுத்து."

மாமா சுற்றினார். அம்மா கோடியிலிருந்து கைப்பிடிப் பக்கம் நகர்ந்து வந்தாள். சுருள் வந்தது. கோட்டுக்குக் கோடு சரியாக, அப்பாவுடையதைவிடச் சீராக வந்தது. மலையில் கொழுந்து எடுப்பவர்கள் ஒரு நிரையில் ஏறிப் போனால், அடுத்த நிரையில் எடுத்துக்கொண்டே இறங்குவார்கள். வெறுங்கையோடு இறங்கினால் கங்காணி ஏசுவார். பதினான்கு வயதிலிருந்து அப்படியே ஏறி இறங்கியவள் அம்மா. போகும்போது ஒரு சுருள், வரும்போது ஒரு சுருள் என்று, வெயில் சாய்வதற்குள் நூற்றிருபதும் முடிந்துவிட்டன. மாமா கையை உதறிக்கொண்டே, "அக்கா, ஒன்ன இஞ்சின் ரூமுல போட்டா நாங்கள்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். எல்லாவற்றையும் ஒரே குவியலாகச் சுவரோரம் அடுக்கினோம்.

அன்று மாலை, பெரியவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், நான் குவியலிலிருந்து இரண்டு சுருள்களை எடுத்துக் கோத்துப் பார்த்தேன். கோக்கவில்லை. நுனி உள்ளே போகிறது, ஒரு சுற்றுக்குப் பிறகு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு சுருள்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில், எனக்கு ஒன்று தெரிந்துபோனது. குவியலில் இரண்டு கூட்டம் இருந்தது. ஒரு கூட்டத்துச் சுருள் தன் கூட்டத்தோடு கோக்கும், மற்றக் கூட்டத்தோடு கோக்காது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வேலி நின்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். வேலி நிற்காவிட்டால் பீலியடியில் வெயில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளை மடுவத்து முற்றத்தில் பாதி லயம் கூடியிருந்தது. அப்பா இரு பக்கமும் கட்டை நட்டு, நடுக் கட்டைக்கும் அளந்து குழி தோண்டி முடித்திருந்தார். மாமா தலைக்கு எண்ணெய் தடவி வகிடெடுத்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கோத்த இருபத்தாறைத் தொங்கவிட்டு, இருபத்தேழாவதை எடுத்து, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, திருகினார். அது முட்டிக்கொண்டு நின்றது.

இன்னொன்றை எடுத்தார். போயிற்று. அடுத்தது நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. நின்றதைத் தலைகீழாகத் திருப்பி முயன்றார். அப்போதும் நின்றது. சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிப் பார்த்தார். கம்பி வளையத்தின் உள்பக்கத்துக் கம்பி சரியில்லை என்றார். நாகம் தடித்துவிட்டது என்றார். கோக்காத சுருள்களை ஒவ்வொன்றாக விறகுக் குவியல் பக்கம் வீசினார். பதினோரு மணிக்கு அங்கே அறுபது கிடந்தன. வேலி பத்தரை அடி, பதினோரு அடியோடு நின்றுவிட்டது. மீதி ஏழரை அடிக்கு வாய்க்கால் திறந்தே கிடந்தது. கிடங்கில் இனிக் கம்பியும் இல்லை.

"கம்பிக்கும் கம்பிக்கும் பொருத்தம் பாத்தியாடா?" என்றாள் ஆயாம்மா. "பத்துல ஒண்ணுகூட இல்ல போலருக்கே."

"இஞ்சினியரு எப்பவும் கொஞ்சம் மிச்சம் புடிப்பாருல்ல" என்றார் கடியாரக்காரர்.

மாமா குறட்டைக் கீழே போட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் கல்லின் மேல் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி அந்த ஏழரை அடி இடைவெளிக்கு முன்னால் நின்றாள். கணக்கப்பிள்ளையிடம் 'நடக்கும்' என்று சொன்னவளின் முகம் அது. கூட்டம் கலையத் தொடங்கியது.

என் காரியம் முடிந்துவிட்டது. நான் பேசாமல் போய்ப் பீலியடியில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அறுபது சுருள்கள் யாருக்கும் வேண்டாமல் விறகுக் குவியலில் கிடந்தன. திருகினால் அவை எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கோத்துப் பார்க்கலாம் என்று குவியலுக்குப் பின்னால் போனேன். இரண்டு கோத்தன. மூன்றாவது இறங்குவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. நான்காவதற்கு மடியில் வைத்துப் பிடிக்கும் முறை கை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அம்மா நின்றிருந்தாள்.

"இதெல்லாம் மாமா வீசுனதுதானே?"

"ம்."

"எப்பருந்து தெரியும்?"

"இப்பத்தான்."

அம்மா என் மடியைப் பார்த்தாள். அதில் ஏழு சுருள்கள் ஒரே துண்டாகக் கிடந்தன. அறுபதில் எதை எடுத்தாலும் கோக்கும் என்று நான் முன்னமே தெரிந்து வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட மாற்றிப் பார்க்காமல், ஏழையும் எடுத்த எடுப்பில் கோத்திருக்கிறேன் என்பது கையால் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவள் தம்பியை என் பக்கத்தில் இறக்கிவிட்டு, வீசிய சுருளில் ஒன்றையும் வேலி ஓரத்தில் இன்னும் கொக்கி பூட்டாதிருந்த கடைசிச் சுருளைத் திருகி உருவி அதையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தாள். முன்பக்கத்துக் கம்பிகள் ஒன்றில் வலது பக்கமாக ஏறின. மற்றதில் இடது பக்கமாக ஏறின.

"தம்பி, இங்க வா" என்று மாமாவைக் கூப்பிட்டாள். "இது போறப்ப சுத்துனது. இது வாறப்ப சுத்துனது. ரெண்டும் வேற வேற தினுசு."

மாமா இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "நீ எதுக்குக்கா வாறப்பயும் சுத்துன?"

"பின்ன, வெறுங்கையோட வரச் சொல்றியா?"

வலப்பக்கம் திருகும் சுருளைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வலப்பக்கமே திருகும். ஒரு திருகாணியை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அதே திருகாணிதான் என்பது போல. சுற்றுகிற திசை மாறாமல், நகர்கிற திசை மட்டும் மாறினால், பிறக்கும் சுருள் எதிர்க்கையாகிவிடும். இதைக் கல்லூரியில் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு படம் வரைந்து விளக்கினார். அம்மா படம் வரையவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. அம்மா சொல்லி, என் மடியிலிருந்த ஏழோடு மீதி ஐம்பத்து மூன்றையும் மாமாவும் நானும் கோத்தோம். வந்தது தனியாக ஒரு துண்டு. எண்பத்தாறு சுருள்களில் ஒரு வலை, அறுபது சுருள்களில் ஒரு வலை. இரண்டும் ஒன்றோடொன்று ஒருக்காலும் கோக்காது. ஆனால் இரண்டும் ஒரே கட்டையில் வந்து முடியலாமே என்றாள் அம்மா. அப்பா நடுவில் தோண்டியிருந்த குழியை மூடிவிட்டு, ஒன்றரை அடி தள்ளி வேறு குழி தோண்டினார். தாய்மார் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து ஆளுக்கொரு பக்கம் வலையை இழுத்துப் பிடித்தார்கள். ஆயாம்மா வேலியின் மேல் தன் முழுப் பாரத்தையும் சாய்த்துப் பார்த்துவிட்டு, என் தம்பியிடம், "இப்பப் போயி ஒக்காரு பாப்பம்" என்றாள். அவன் வலையைப் பிடித்து நின்றுகொண்டு, சாய்சதுரத்துக்குள்ளே மூக்கை மட்டும் விட்டான்.

மறுநாள் துரை வந்து பார்த்தாராம். நடுக் கட்டை ஏன் நடுவில் இல்லை என்று கேட்டாராம். "அந்தப் பக்கம் தண்ணி வேகம் ஜாஸ்திங்க தொரை, அதுக்குத்தான்" என்று மாமா சொல்ல, துரை ரொம்பச் சரி என்று தலையாட்டினாராம். நான் அதைப் பார்க்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் எனக்கு வயிற்று வலி வந்தது. அம்மா பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். "நடந்தா சரியாப் போயிரும்" என்றாள். நான் அழுதேன். அந்த அழுகையை அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு, பாதை பிரியும் இடம்வரை என் கையை விடாமல் வந்தாள். அவள் கையில் கம்பிக் கீறல்கள் சொரசொரவென்று இருந்தன. அங்கே நின்று, நான் பள்ளிக்கூட வளைவைத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி ஓடி வந்துவிடுவேனோ என்று காவல் நிற்கிறாள் என நினைத்தேன். தம்பிக்காக இவ்வளவு பாடுபடுகிறவள் எனக்காக ஒரு நாள் லீவு கொடுக்கமாட்டாளா என்று வழியெல்லாம் மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன்.

அந்த வேலி தம்பிக்காகக் கட்டியது என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

இப்போது நிலைமை இது. மாமா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இஞ்சின் அறைப் பொறுப்பாளராக இருக்கிறார். அம்மாவின் பேர் இன்னும் அதே தோட்டத்துப் பதிவில் இருக்கிறது. நான் கண்டியில் ஒரு வேலைத்தளத்தில் வரைபடம் வரைகிறேன். எங்கள் லயத்தில் என் வயதுப் பெண்கள் ஆறு பேர் இருந்தோம். ஐந்தாம் வகுப்பை முடித்தது நான் ஒருத்தி.